மை போன வழியில் தண்ணீர்

தலவாக்கலையில் புறப்பட்டு, லிந்துலை, அக்கரபத்தனை என்று வளைந்து வளைந்து ஏறுகிற பஸ் கடைசியாக மூச்சு வாங்கி நிற்கிற ஊர் எங்கள் டயகம. அதற்கு மேலே கொஞ்சம் தேயிலை, பிறகு காடு, அதற்கும் மேலே ஹோர்ட்டன் சமவெளி. மழை பிடித்துக்கொண்டால் பாதையில் போகிறவர்கள் என் திண்ணையில் ஒதுங்குவார்கள். ஒதுங்கியவர்களுக்குத் தேத்தண்ணி உண்டு. போன மாதம் அப்படி வந்தவள் கீழ்லயத்துப் பிள்ளை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், இப்போது உயர்தரம். குடையை மடக்கி வைத்துவிட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு லேஞ்சியை எடுத்தாள். பிரித்தால் உள்ளே பேனா.

"தாத்தாவோட பேனாங்க சேர். அலுமாரிய ஒழிச்சப்ப கெடச்சது. எழுத மாட்டேங்குது. பின்பக்கம் திருகவும் வரமாட்டேங்குது."

"திருகிப் பாத்தியா?"

"கொஞ்சம்ங்க சேர்."

"எவ்வளவு கொஞ்சம்?"

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குறடு கடித்த தடம் எங்காவது இருக்கிறதா என்று பார்த்தேன். நல்லவேளை, இல்லை.

பச்சையும் கறுப்புமாய் நெடுக்குக் கோடு போட்ட உடம்பு. மூடியில் சட்டைப் பையில் மாட்டும் கொக்கி ஒரு பறவையின் அலகைப்போல நீண்டு வளைந்திருந்தது. அந்த அலகைப் பார்த்தாலே போதும், பெலிக்கன். நிப்பில் 585 என்று பொறித்திருந்தது. ஆயிரத்தில் 585 பங்கு தங்கம், அதாவது 14 கரட். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தால் கோடுகளுக்கு இடையில் வெளிச்சம் ஊடுருவும், உள்ளே எவ்வளவு மை இருக்கிறது என்று தெரியும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பிடித்துப் பார்த்தேன். மை இல்லை. காய்ந்த கறைதான் திட்டுத்திட்டாய், பிஸ்டன் பாதி வழியில் நின்றுபோயிருந்தது.

அவளுடைய தாத்தாவை எனக்குத் தெரியும். கணக்கப்பிள்ளையாக இருந்தவர். பெரட்டுக்களத்தில் பேர் போடுவது பென்சிலில், வீட்டில் எழுதுவது இந்தப் பேனாவில். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, குடியுரிமை இல்லாத எங்கள் ஆட்கள் 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு போட்டார்களே, அதற்குப் பிறகு வந்த விண்ணப்பப் படிவங்களை எங்கள் பக்கத்து லயங்களுக்கெல்லாம் நிரப்பிக் கொடுத்தவர் அவர். ராத்திரி குப்பி லாம்பு வெளிச்சத்தில் அவர் எழுத, சுற்றி நின்றவர்கள் தங்கள் முறை வந்ததும் பெருவிரலை நீட்டுவார்கள். எல்லா வீட்டுக்கும் அந்த ஒரு பேனா. அதனால் இதைத் திறந்து பார்க்க எனக்குக் கை நடுங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

"மொதல்ல தேத்தண்ணியக் குடி" என்றேன். "இது அவசரப்படுற வேலையில்ல."

நாங்கள் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தது சீனத்து ஹீரோ. அதற்குள்ளே ஒரு பை, அதை அமுக்கிவிட்டால் மையை உறிஞ்சும். அதற்கு முன்னால் கழுத்தைக் கழற்றிச் சொட்டுக்குழாயால் ஊற்றுகிற பேனா. இந்தக் காலத்தில் கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தனியாகக் கழன்றுவரும் சிறு குழாயோடு வருகின்றன. பிஸ்டன் பேனாவில் தனிக்குழாய், தனிப்பை எதுவும் இல்லை. பேனாவின் உடம்பே மைக்கூடு. மருந்தேற்றுகிற ஊசிக்குழாயை நினைத்துக்கொள்ளுங்கள், தண்டை இழுத்தால் மருந்து ஏறும். அதே ஊசிக்குழாயில் ஊசிக்குப் பதிலாக நிப்பு, கையால் இழுப்பதற்குப் பதிலாகப் பின்னால் திருகுகிற குமிழ். ஒரு தடவை நிரப்பினால் ஒன்றரை மில்லிலீற்றருக்கு முன்பின்னாக மை பிடிக்கும். பரீட்சை மண்டபத்தில் மூன்று மணித்தியாலம் விடாமல் எழுதினாலும் தீராது.

இதில் ஒரு கெட்டித்தனம் உண்டு. வெறும் ஒற்றை மரையில் பிஸ்டனை நகர்த்தினால் அடிமுதல் நுனிவரை கொண்டுபோகக் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். தியோடோர் கோவாச் என்ற ஹங்கேரியப் பொறியியலாளர் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாய் ஓடும் இரண்டு மரைகளைச் சேர்த்தார். குமிழை இடப்பக்கம் திருகினால் குமிழ் கொஞ்சம் வெளியே வரும், அதே சமயம் உள்ளேயிருக்கும் தண்டு முன்னால் ஓடும். சில சுற்றிலேயே முழுத்தூரமும் போய்விடும். இந்தக் காப்புரிமை ஜெர்மனியின் ஹனோவர் நகரத்தில் மையும் வர்ணமும் செய்துகொண்டிருந்த பெலிக்கன் கம்பனியின் கைக்கு வந்து, 1929இல் பேனாவாக வெளியானது. அதுவரை மையும் வர்ணமும் விற்றவர்களின் முதல் மைப்பேனா அதுதான். குஞ்சுகளுக்கு இரையூட்டும் தாய்ப்பறவையை அவர்கள் வர்த்தகச் சின்னமாகப் பதிந்தது அதற்கும் வெகு முன்னால், 1878இல்.

இதெல்லாம் எதற்கு என்றால், இரண்டு மரையும் ஒன்றையொன்று எதிர்த்து ஓடுகிற இடத்தில் முரட்டுத்தனம் காட்டினால் எது உடையும் என்பது தெரியவேண்டும். குமிழ் அசையவில்லை என்றால் பிஸ்டனின் விளிம்பு காய்ந்த மையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் பலங்கொண்டமட்டும் திருகினால் மை விடாது, உள்ளே இருக்கும் மெல்லிய தண்டுதான் முறுகும். அவள் திருகிய "கொஞ்சம்" எவ்வளவு என்று நான் கேட்டது இதற்குத்தான்.

நிப்புக்கு அடியில் கறுப்பாய் ஒரு கட்டை இருக்கும். நாங்கள் நாக்கு என்போம். பேனாவின் உயிர் நிப்பில் இல்லை, நாக்கில் இருக்கிறது என்பது என் கட்சி. குப்பி லாம்பில் மண்ணெண்ணெய் திரியில் தானாக ஏறுகிறதே, யாராவது பம்ப் அடிக்கிறார்களா? மெல்லிய இடுக்கு கிடைத்தால் திரவம் தானே ஊர்ந்து போகும். நாக்கில் கீறியிருக்கும் மயிரிழைக் கால்வாய் வழியாக மையும் அப்படித்தான் நுனிக்கு வருகிறது. ஆனால் மை வெளியேறினால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகவேண்டும். டின்பால் ஊற்றுவதற்கு வீட்டில் என்ன செய்வோம்? ஒரு பக்கம் மட்டும் ஓட்டை போட்டால் பால் வராது. எதிர்ப்பக்கமும் ஒன்று போடவேண்டும், ஒன்றில் பால் வர மற்றதில் காற்றுப் போகும். நாக்கு இந்த இரண்டு வேலையையும் ஒரே கட்டையில் செய்கிறது. லூயிஸ் வோட்டர்மன் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது இப்படி மையும் காற்றும் இடம் மாறிக்கொள்ளும் நாக்குக்குத்தான். அந்தக் கால்வாய் காய்ந்த மையால் தூர்ந்துபோனால், தங்க நிப்பு இருந்து என்ன பயன்?

அவள் கிளாசைக் கீழே வைத்தாள். உள்ளே வழக்கம்போலப் பழுப்பு வளையம். விரலால் தேய்த்துக் காட்டி, "கேள்" என்றேன், "இந்தக் கறையும் உன் பேனாவுக்குள்ள இருக்கிற கறையும் சொந்தக்காரங்க."

நம்பவில்லை. அவள் அம்மாவின் கையை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கொழுந்தெடுக்கிறவர்களின் விரல்கள் ஏன் கறுத்திருக்கின்றன? கொழுந்தின் சாற்றில் உள்ள துவர்ப்பு காற்றுப் பட்டுப் பழுக்கிறது, இரும்பு கிடைத்தால் கறுக்கிறது. துருப்பிடித்த குழாய்த் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் சாயம் கன்னங்கரேலென்று இறங்குவதும் இதனால்தான். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள் என்று கர்ப்பிணிப் பெண்களுக்குச் சொல்வதன் காரணமும் இதேதான். துவர்ப்பு இரும்பைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும், உடம்புக்கு விடாது. நம் முன்னோர் இதை வைத்தே மை காய்ச்சினார்கள். துவர்ப்புக்குக் கடுக்காய் அல்லது மாசிக்காய், இரும்புக்கு அன்னபேதி. ஐரோப்பாவில் கருவாலி மரத்தின் மாசிக்காயையும் அதே அன்னபேதியையும் சேர்த்து நூற்றாண்டுக் கணக்காக எழுதினார்கள். எழுதும்போது வெளிறித் தெரிகிற மை காகிதத்தில் காற்றுப் பட்டதும் கறுத்து, தண்ணீருக்கும் அழியாமல் நின்றுவிடும். ஆகவே பத்திரம், பதிவேடு எழுதுகிறவர்களுக்கு அது பிடித்தது. பெலிக்கன் 4001 வரிசையில் நீலக்கறுப்பு இந்தச் சாதி மைதான். கணக்கப்பிள்ளை வேறு எதை ஊற்றியிருப்பார்?

காகிதத்தில் நல்ல குணமாக இருப்பது பேனாவுக்குள் கெட்ட குணம். சாதாரண நீல மை வெறும் சாயம், காய்ந்தாலும் தண்ணீரில் கரைந்துவிடும். இரும்பு மை காய்ந்தால் தூளாகப் படிந்து அழிச்சாட்டியம் பண்ணும்.

சரி, கழுவலாம்.

ஒரு கிளாசில் இரண்டு விரற்கடை தண்ணீர். வெந்நீர் ஆகாது, கையில் சுடாத வெதுவெதுப்பு போதும். பழைய பேனாக்களின் பிளாஸ்டிக் சூட்டில் வளையும், நிறம் போகும். நிப்பும் கழுத்தும் மட்டும் நனையும்படி நட்டு வைத்தோம். சில நிமிடத்தில் நிப்பின் பிளவிலிருந்து ஒரு நூல் இறங்கியது. நீலமும் சாம்பலும் கலந்த மெல்லிய நூல். நேராகக் கீழே போய், கிளாசின் அடியைத் தொட்டு, புகை மாதிரி சுருண்டு படுத்தது. அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அரை நூற்றாண்டுக்கு முன் யாருடைய பெயரையோ எழுத நிரப்பிய மை அது.

தண்ணீர் இருண்டால் மாற்று, மறுபடி வை. இதுதான் முதல் நாள் வேலை, இரண்டாம் நாள் வேலையும் இதுதான். மை எந்த வழியால் வந்ததோ அந்த வழியால் தண்ணீர் மெதுவாக உள்ளே ஏற வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. பேனாவை என்னிடமே விட்டுப் போகச் சொன்னேன். அவளிடம் இருந்தால் ராத்திரி ஒரு திருகு திருகியிருப்பாள், அந்த வயசு அப்படி.

மூன்றாம் நாள் குமிழை இரண்டு விரலால் மட்டும் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். கால் சுற்று அசைந்தது. மறுபடி ஊறப்போட்டேன். அடுத்து நிப்பு. இந்தப் பேனாவில் நிப்பும் நாக்கும் ஒரு வளையத்துக்குள் சேர்ந்து, மொத்தமாக மரையில் கழன்றுவரும். நிப்பையும் நாக்கையும் சேர்த்தாற்போலப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, இடப்பக்கமாய் மெல்லத் திருக வேண்டும். நிப்பை மட்டும் பிடித்தால் நாக்கு பின்தங்கி, ஒன்றுக்கொன்று கோணிக்கொள்ளும். ஊறாமல் திருகினால் நாக்கின் மெல்லிய சிறகுகள் ஒடியும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் நிப்பைப் பல்லால் கடித்து இழுப்போம், பிறகு நாள் முழுக்க ஊதா நாக்கோடு திரிவோம். அதை இங்கே செய்யாதீர்கள்.

எல்லாப் பேனாவும் இப்படிக் கழன்று கொடுக்காது என்பதையும் சொல்லவேண்டும். 1966இல் வந்த லாமி 2000இல் நிப்பு கழுத்துக்குள் ஒளிந்திருக்கும், அதைத் திறக்கும் முறை வேறு. மொண்ட்பிளாங்கின் பெரிய பேனாக்களுக்குத் தனிச் சாவி வேண்டும். தாய்வானின் ட்விஸ்பி கம்பனியோ அதற்கு நேர்மாறு, அவர்களுடைய டயமண்ட் 580க்குச் சாவியையும் சிறு போத்தல் சிலிக்கன் கிரீசையும் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கிறார்கள், நீயே பிரித்துக்கொள் என்று. கையிலிருப்பது எந்த ரகம் என்று தெரியாவிட்டால் கழற்றாமல் இருப்பதே நல்லது. தண்ணீரை உறிஞ்சித் தள்ளியே முக்கால்வாசி அழுக்கை எடுத்துவிடலாம்.

நிப்பு கழன்றதும் வேலை இலகுவானது. பாமசியில் வாங்கிய ஊசிக்குழாயில், ஊசியில்லாமல், தண்ணீர் எடுத்துப் பேனாவின் உடம்புக்குள் சொட்டுச் சொட்டாய் விட்டு ஒருநாள் நிறுத்திவைத்தேன். மறுநாள் குமிழ் ஒரு சின்னக் 'கிறீச்' சத்தத்தோடு முழுதாய்த் திரும்பியது. அந்தச் சத்தத்துக்காகவே பொறுமையாய் இருக்கலாம்.

அதன் பிறகு நிப்பை மாட்டி இரண்டு கிளாஸ் முறை. ஒன்றில் சுத்தத் தண்ணீர், அதில் உறிஞ்சுவது. மற்றது வெறும் கிளாஸ், அதில் தள்ளுவது. ஒரே கிளாசில் உறிஞ்சி அதிலேயே தள்ளுகிறவர்கள் அழுக்குத் தண்ணீரில் பாத்திரம் கழுவுகிறவர்கள். பத்துப் பதினைந்து தடவையில் தண்ணீர் தெளியும். தெளிந்த பிறகும் பேனாவை அரைமணி நேரம் சும்மா விட்டு, மறுபடி ஒருமுறை தள்ளிப் பாருங்கள், நாக்கின் இடுக்கில் ஒளிந்திருந்தது வெளியே வரும்.

எங்கள் ஊர்த் தண்ணீர் இதற்கு வாய்ப்பானது. ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து இறங்கும் ஆக்ரா ஓயா இதே பள்ளத்தாக்கு வழியாகப் போய், கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் சேர்கிறது. கருங்கல்லில் ஓடிவரும் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது, கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அது நாக்கின் கால்வாயிலும் படியும். அந்தப் பக்கத்துக்காரர்கள் கடைசி அலசலுக்கு மழைத் தண்ணீரோ, பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோ எடுத்தால் நல்லது.

தண்ணீருக்கு மசியாத சாய மைக்கு ஒரு கஷாயம் உண்டு. வீட்டு அமோனியா ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. சில மணித்தியாலம் வைத்துவிட்டு நன்றாக அலச வேண்டும். வெளுக்கும் திரவத்தோடு அமோனியாவைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். பித்தளை, அலுமினியப் பாகங்கள் உள்ள பேனாவை அதில் கூடுதல் நேரம் வைக்கவும் கூடாது. ஆனால் இரும்பு மைக்கு இந்தக் காரம் சரிப்படாது, இரும்பை இன்னும் கெட்டியாகப் படியவைத்துவிடும். அதற்குப் புளிப்பு வேண்டும். சாயமும் இனிப்பும் சேராத விற்றமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, வடித்து, அரைமணி நேரம் உறிஞ்சி வைத்தேன். கறுத்துத் திரண்டிருந்த இரும்பு அதில் இளகிக் கரைந்தது. வெளியே தள்ளியபோது வந்த தண்ணீரைப் பார்த்தால் ரெண்டாம் சாயம் இறக்கின தேத்தண்ணி மாதிரியே இருந்தது. உடனே சுத்தத் தண்ணீரில் பலமுறை அலசிவிட்டேன். புளிப்பு உள்ளே தங்கினால் எஃகு நிப்பை அரிக்கும்.

சேர்ஜிக்கல் ஸ்பிரிட், தின்னர், சாராயம் எதுவும் கிட்டே வரக்கூடாது. பல பேனாக்களின் பிளாஸ்டிக் அதில் வெடிக்கும் அல்லது கரையும்.

இனி எண்ணெய்க் கதை. என் முதல் பிஸ்டன் பேனா இறுகியபோது எனக்கு வயது பதினெட்டு. வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருந்தது. இறுகின கதவுக்கு எண்ணெய் விடுவதில்லையா என்று இரண்டு சொட்டு விட்டேன். குமிழ் வெண்ணெய் போலச் சுழன்றது. பேனா மட்டும் எழுதவில்லை. எண்ணெய் நாக்கில் இறங்கிப் பரவிவிட்டது. சேம்பிலையில் தண்ணீர் ஒட்டுமா? அதுபோல மை கால்வாயில் ஒட்டாமல் நின்றுவிட்டது. சவர்க்காரத் தண்ணீரில் ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். வஸ்லினும் தேங்காய் எண்ணெயும் இதே வம்புதான், அதோடு வஸ்லின் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

பிஸ்டனுக்குச் சிலிக்கன் கிரீஸ் ஒன்றுதான் சரி. தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவர்கள் பாவிக்கும், வேறு எண்ணெய் கலக்காத சிலிக்கன் கிரீஸ் ஹார்ட்வெயார் கடையில் கிடைத்தால் அதுவும் ஆகும். நிப்பைக் கழற்றிவிட்டு, பிஸ்டனைப் பின்னால் இழுத்துவைத்து, உள்சுவர் காய்ந்த பிறகு, ஓர் ஈர்க்கின் நுனியில் எள்ளளவு தொட்டுச் சுவரில் தடவுங்கள். பிறகு பிஸ்டனை மேலும் கீழும் நாலுதடவை ஓட்டினால் தானே பரவிக்கொள்ளும். எள்ளளவு என்றால் எள்ளளவுதான். வருஷத்துக்கு ஒருதரம் போதும். குமிழ் நன்றாகச் சுழல்கிற பேனாவுக்கு அதுகூட வேண்டாம்.

பிஸ்டனுக்குப் பின்பக்கம் மை தெரிந்தால் மட்டும் யோசியுங்கள். பிஸ்டனின் விளிம்பு தேய்ந்துவிட்டது, மை பின்னால் கசிகிறது. ஒரு மெல்லிய பூச்சு மாதிரி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், குளம் கட்டினால் தெரிந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின பெலிக்கன்களில் இந்த விளிம்பு தக்கையால் ஆனது, 1940களில்தான் பிளாஸ்டிக்குக்கு மாறியது. தக்கைப் பேனாவை உலரவிட்டால் தக்கை சுருங்கிவிடும். அது மட்டும் விதிவிலக்கு, எப்போதும் ஈரமாய் இருக்கவேண்டும். நம் கணக்கப்பிள்ளையுடையது பின்னாளையது, அந்தக் கவலை இல்லை.

நிப்பின் பிளவில் அடைந்திருக்கும் அழுக்கை எடுக்க எல்லாரும் சவர பிளேட்டை எடுப்பார்கள். நானும் எடுத்திருக்கிறேன். பிளேட்டின் தடிப்பு 0.1 மில்லிமீற்றர். பார்க்க மெல்லியது, நிப்பின் பிளவுக்கு அது ஆப்பு. ஒருதடவை உள்ளே போனால் இரண்டு முள்ளும் அகன்று, மை கொட்டும் அல்லது நுனிவரை வராமலே போகும். ஊறவைத்த நிப்பை மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், அழுக்கு தானே வரும். எங்கள் வீட்டில் இதற்கென்றே கிழித்து வைத்த பழைய வேட்டித் துண்டு இருக்கிறது.

உலர்த்துவது இங்கே ஒரு பிரச்சினை. மழைக்காலத்தில் டயகமவில் எது காய்கிறது? துணி, விறகு எல்லாம் அடுப்புக்கு மேலே ஏறும். பேனா ஏறக்கூடாது. பழைய பேனாக்களில் சில செலுலோயிட், அது நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும், மற்றவை வளையும். நிப்பைத் துணியில் சுற்றி, தலைகீழாகக் கிளாசுக்குள் நிறுத்தி ராத்திரி முழுக்க விடுங்கள். துணி திரி மாதிரி உள்ளேயுள்ள ஈரத்தை இழுத்துவிடும்.

குளிர் இன்னொரு வேலையும் செய்யும். காலையில் சில்லிட்ட பேனாவை எடுத்து, சூடான தேத்தண்ணிக் கிளாசைப் பிடித்த கையாலேயே பிடித்து எழுத உட்காருவோம். உள்ளே மை குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருந்தால், கைச்சூட்டில் காற்று விரிந்து மையைத் தள்ளும், கொப்பியில் பொட்டென்று ஒரு சொட்டு. மலையேறும்போதும் இதே கதை. கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பக்கெட் நானுஓயா வரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்குமே! 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பேனாவுக்குள் அடைபட்ட காற்றும் அதேபோல உப்பும். அரைவாசி மையோடு ரயிலில் வந்த என் வெள்ளைச் சட்டையின் பை நீலமானது அப்படித்தான். பயணத்துக்குப் பேனாவை முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முழுதாகக் காலி செய்யுங்கள். எப்படியானாலும் நிப்பு மேலே பார்க்கட்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது என்று அவள் கேட்டாள். தினமும் எழுதுகிற பேனாவுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருதரம். மை நிறம் மாற்றினால் அப்போதும். ஒன்றோடொன்று சேராத மைகள் உள்ளே திரிந்துபோகும், பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்த மாதிரி. இரண்டு வாரத்துக்கு மேல் எழுதப் போவதில்லை என்றால் காலி செய்து, கழுவி, உலர்த்தி வைக்கவேண்டும். தாத்தா கடைசியாக எழுதிய அன்றைக்கு மையோடு மூடிவைத்தார், மறுபடி திறக்கவில்லை, அதனால் வந்த வினை இது. எழுதி எழுதித் தேய்ந்து கெட்ட பிஸ்டன் பேனாவை நான் ஒன்றோ இரண்டோதான் பார்த்திருக்கிறேன். சும்மா கிடந்து கெட்டவை ஒரு பெட்டி நிறைய.

எட்டாம் நாள் வந்தாள். பையில் ஒரு மைப்போத்தல், தங்கத்தூள் மினுங்கும் பச்சை. யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம். அழகாகத்தான் இருந்தது. "இது தூளுங்க சேர், குலுக்கினா எப்படி மின்னுது பாருங்க" என்றாள். அந்தத் தூள்தான் வேண்டாம் என்கிறேன். இப்போதுதான் தூர்வாரிய கால்வாயில் மறுபடி மணலைக் கொட்டுவானேன்? ஓவியத்துக்கான கறுப்பு மை, முத்திரை குத்துகிற மை இரண்டும் அதைவிட மோசம். மேலே நூல் நூலாய்ப் பூஞ்சணம் மிதக்கிற பழைய போத்தலையும் தொடக்கூடாது, எங்கள் ஈரத்தில் அது சாதாரணம். ஒரு வருஷத்துக்கு வெறும் நீலம், கழுவினால் போகிற நீலம், அவ்வளவுதான் என்றேன். முகம் சுருங்கியது. என் போத்தலைத் திறந்து முன்னால் வைத்தேன்.

குமிழை இடப்பக்கம் திருகி, பிஸ்டனை நிப்புவரை இறக்கி, நிப்பு முழுதும் கழுத்தில் கொஞ்சமும் மைக்குள் அமிழும்படி பிடித்தாள். வலப்பக்கம் திருகினாள், மெதுவாக. கோடுகளுக்கு இடையில் நீலம் ஏறுவது ஜன்னல் வெளிச்சத்தில் தெரிந்தது. எடுத்துவிடப் பார்த்தாள். "இன்னொன்னு இருக்கு" என்றேன். போத்தலுக்கு மேலே பிடித்தபடி குமிழை மறுபடி இடப்பக்கம் ஒரு இழை திருகி மூன்று சொட்டு மையைத் திருப்பி விடவேண்டும், பிறகு நிப்பை மேலே தூக்கிக் குமிழை இறுக்கினால் நாக்கில் தேங்கியிருந்த மிச்ச மை உள்ளே போய்விடும், கொப்பியில் சொட்டாது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே விட்டாள்.